பாட்டி போட்ட உஷ்ணக் கணக்கு



இந்த வாரம் நான் எழுதப் போகும் விஷயத்தின் பெயரைக் கேட்டதுமே உங்களில் பாதிப் பேர் பத்திரிகையை மூடிவிட்டுத் தொடர்கதைப் பக்கத்துக்குத் தாவிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆகவே பெயரைச் சொல்லுமுன் ஒரு சத்தியம் வாங்கிக்கொள்கிறேன். கடைசி வரி வரையில் என்னோடு வர வேண்டும். சம்மதந்தானே? சரி, சொல்லிவிடுகிறேன். பாம்பு!

பயப்பட வேண்டாம். பென்சில் பருமன்தான். நீளம் ஒரு முழங்கூட இல்லை. விஷம் கிடையாது. இருந்தாலும் அந்த ஒரு சாண் பிராணி ஓசூரில் இருக்கும் என் தங்கை வீட்டை ஒரு மாத காலம் ஆட்டி வைத்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்று உட்கார்ந்திருக்கிறேன். ஏனென்றால், உங்கள் பிள்ளையும் ஒருநாள் சட்டைப் பைக்குள்ளிருந்து எதையாவது எடுத்து, "அம்மா, இதை நாம் வளர்க்கலாமா?" என்று கேட்க மாட்டான் என்பது என்ன நிச்சயம்?

தங்கையின் மகன் ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கிறான். ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி ஷிப்டு. தகப்பனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து பையன் வீட்டில் பேச்சைக் குறைத்துக்கொண்டான். வந்தால் சாப்பாடு, பிறகு கைத்தொலைபேசி, பிறகு தூக்கம். "வீட்டில் பிள்ளை இருக்கிறானா, லாட்ஜில் ஆள் தங்கியிருக்கிறானா என்று தெரியவில்லை அக்கா" என்று தங்கை என்னிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறாள்.

கார்த்திகை மாதக் கடைசியில் ஒருநாள், பெங்களூரிலிருந்து திரும்பியவன் கையில் ஒரு சின்ன டப்பா. வெளிநாட்டுக்கு வேலையாகப் போகும் சிநேகிதன் ஒருவன் வீட்டில் முட்டை பொரித்து வந்த குட்டி. ஆங்கிலத்தில் 'கார்ன் ஸ்நேக்' என்கிறார்கள். தமிழில் சோளப்பாம்பு என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி இதற்குச் சொந்த ஊர். வயிற்றுப் பக்கம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்டிருக்கும். அது அந்த நாட்டுப் பல நிற மக்காச்சோளக் கதிரைப் போல இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். சோளக் குதிர்களில் எலி பிடிக்க வந்து போகும், அதனால்தான் என்றும் சொல்வார்கள். முதுகில் ஆரஞ்சும் சிவப்புமாகத் திட்டுத் திட்டாக, நல்ல சுங்குடிப் புடவை மாதிரி இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த வீட்டில் தங்கையின் மாமியாரும் இருக்கிறார். தளிப் பக்கத்துக் கிராமத்துக்காரர். எழுபத்தெட்டு வயது. கர்நாடக எல்லைப் பக்கத்தில் அரசும் வேம்பும் சேர்ந்த மேடை இருந்தால் அடியில் நாகர் கல் இல்லாமல் இராது. பாட்டி தவறாமல் அதற்கு மஞ்சளும் பாலும் வார்த்துக் கும்பிட்டு வந்தவர். ஆனால் கல்லில் இருக்கும் நாகரை வணங்குவது வேறு, கண்ணாடிப் பெட்டியில் நெளிகிறவரை வீட்டில் வைப்பது வேறு அல்லவா? "ஒன்று அது இருக்கணும், இல்லை நான் இருக்கணும்!" என்று சொல்லிவிட்டு வாசல் திண்ணைக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்.

பையன் அன்று மாலையே குட்டிக்கு இரை கொடுத்தான். கண் திறக்காத, மயிர் முளைக்காத எலிக்குஞ்சுதான் அதன் ஆகாரம். உறைய வைத்து விற்கிறார்கள். விழுங்கிவிட்டது. பையனுக்கு ஒரே சந்தோஷம். இரண்டாம் நாள் காலை பார்த்தால், விழுங்கியது அப்படியே வெளியே கிடக்கிறது. 'பாவம், பசியோடு இருக்குமே' என்று மறுநாளே இன்னொன்று கொடுத்தான். அதுவும் வெளியே வந்துவிட்டது. குட்டி தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் போய்ச் சுருண்டுகொண்டது. தொட்டால் வாழைத்தண்டு மாதிரி சில்லென்று இருந்ததாம்.

அப்போதுதான் தங்கை எனக்குத் தொலைபேசியில் பேசினாள். குரல் கம்மியிருந்தது. "அக்கா, பாம்பு செத்தால் செத்துப் போகட்டும். ஆனால் இவன் இரண்டு வருஷத்துக்கு அப்புறம் இப்போதுதான் என்னிடம் பேசுகிறான். 'அம்மா, இது ஏன் சாப்பிட மாட்டேனென்கிறது' என்று கேட்கிறான். இது போய்விட்டால் மறுபடியும் வாயை மூடிக்கொள்வான். எனக்குப் பயமாக இருக்கிறது."

மறுநாள் பஸ் ஏறிவிட்டேன்.

சகோதரிகளே, ஓசூருக்கு மார்கழியில் போயிருக்கிறீர்களா? கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். பெங்களூருக்கு என்ன குளிரோ அதே குளிர். இரவில் சில நாள் 15 டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். சந்திரசூடேசுவரர் மலைமேல் பனி மூடியிருக்கும்போது பார்க்க ரம்மியந்தான். ஆனால் தரையில் வெறுங்காலை வைத்தால் தெரியும் சங்கதி! நமக்குக் கம்பளி இருக்கிறது, காபி இருக்கிறது. உடம்புக்குள்ளேயே ஓர் அடுப்பும் எரிகிறது. பாம்புக்கு அந்த அடுப்பு இல்லை. வெளியில் இருக்கும் சூட்டைக் கடன் வாங்கித்தான் அது ஜீவிக்கிறது. சூடான கல்லில் கொஞ்ச நேரம், நிழலில் கொஞ்ச நேரம் என்று இடம் மாறி மாறித் தன் உடம்பை அளவோடு வைத்துக்கொள்கிறது. உடம்பில் சூடு இல்லாவிட்டால் வயிற்றிலுள்ள ஜீரண ரசங்கள் வேலை செய்யா. விழுங்கிய இரை உள்ளேயே கெட்டுப் போகும். அதைக் கக்கினால்தான் பாம்பு பிழைக்கும். ஆகவே குட்டி கக்கியது நோயால் அல்ல, குளிரால்.

இதைப் பையனும் எங்கோ படித்திருந்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணாடித் தொட்டியின்மேல் 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரிந்துகொண்டிருந்தது. "சூடு போதாதென்றார்கள் பெரியம்மா, வைத்துவிட்டேன்" என்றான். ஜன்னலோரத்தில், மொசைக் தரையில் தொட்டி. பல்புக்கு நேர் கீழே கை வைத்தேன், சுட்டது. மறு கோடியில் கை வைத்தேன், ஜில்லென்றது. குட்டி இரண்டுக்கும் நடுவே கிண்ணத்தடியில் ஒளிந்திருந்தது. பல்பைப் பார்க்க அதற்குப் பயம், குளிரைத் தாங்கவும் முடியவில்லை. அதற்குப் புகலிடம் ஏது?

அன்று இரவு பையன் ஷிப்டுக்குப் போய்விட்டான். இரண்டு மணிக்கு மின்சாரம் நின்றது. தங்கையும் நானும் எழுந்து மெழுகுவர்த்தியும் கையுமாகத் தொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். என்ன செய்வதென்று இருவருக்கும் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"எவ்வளவு டிகிரி இருக்கு?"

திரும்பிப் பார்த்தால் பாட்டி! போர்வையைப் போர்த்திக்கொண்டு, வாசற்படியைத் தாண்டாமல் நின்றுகொண்டிருந்தார்.

"தெரியவில்லையே அத்தை" என்றாள் தங்கை.

"டிகிரி தெரியாம உயிரை வளக்கறாங்களாம், நல்லா இருக்கே! என் பெட்டியில தெர்மாமீட்டர் இருக்கு, எடுத்து வா."

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. பாட்டி முப்பது வருஷம் பட்டுப்புழு வளர்த்தவர்! ஓசூரைச் சுற்றிலும் மல்பெரித் தோட்டமும் பட்டுக்கூடுகளும் பிரசித்தம். முட்டையிலிருந்து வந்த இளம்புழுவுக்கு 27, 28 டிகிரி உஷ்ணமும், நூற்றுக்கு 85 முதல் 90 வரை காற்றில் ஈரமும் வேண்டும். புழு பெரிதாக ஆக, உஷ்ணத்தை 24, 25-க்கு இறக்க வேண்டும். ஈரத்தையும் குறைக்க வேண்டும். இந்தக் கணக்குத் தப்பினால் அத்தனை தட்டும் போச்சு. அந்த வருஷத்துக் கடனும் அடையாது. மார்கழிக் குளிரில் புழு அறையில் கரியடுப்பு வைத்து, ராத்திரி நாலு முறை எழுந்து தெர்மாமீட்டர் பார்த்த கை அது.

தங்கை பார்த்துச் சொன்னாள்: "பதினாறு, அத்தை."

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வெந்நீர் வை. பாட்டில்ல ஊத்தித் துணி சுத்தித் தொட்டிக்கு வெளிப்பக்கம் ஒட்டி வை. தொட்டி மேல கம்பளி போடு, ஆனா மூச்சு விட வழி வை. பாம்புன்னு நினைக்காதே, புழுன்னு நினைச்சுக்கோ" என்றார்.

எங்களுக்குச் சொன்னாரா, தமக்கே சொல்லிக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. ஆனால் அன்று இரவு அவர் திண்ணைக்குத் திரும்பிப் போகவில்லை.

காலையில் பையன் வந்ததும், பெங்களூரில் இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் கால்நடை வைத்தியர் ஒருவரிடம் கேட்டான். அவர் சொன்னது: "இரண்டு முறை கக்கியிருக்கிறது. வயிற்று ரசம் தீர்ந்து போயிருக்கும், தொண்டையும் புண்ணாகியிருக்கும். இரண்டு வாரத்துக்கு இரையே காட்டாதீர்கள். நல்ல தண்ணீர், அமைதி, சரியான சூடு, இவ்வளவுதான் மருந்து. கையில் எடுத்துக் கொஞ்சவும் வேண்டாம்." பட்டினி போடுவதே வைத்தியம் என்றதும் தங்கைக்கு மனசு கேட்கவில்லை. தாய் அல்லவா? ஆனாலும் அப்படியே செய்தார்கள்.

இனி, அந்த வீட்டில் பாட்டியும் பேரனும் சேர்ந்து அமைத்த குடித்தனத்தை விவரமாகச் சொல்கிறேன். தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

முதலில் வீடு. குட்டிக்குப் பெரிய கண்ணாடி மாளிகை வேண்டாம். வெட்டவெளியில் விட்டால் அது மிரண்டு போகும். இரண்டடி நீளமுள்ள, மூடியில் கொக்கி போட்டு இறுக மூடக்கூடிய பிளாஸ்டிக் பெட்டி போதும். காற்றுக்குச் சிறு துவாரங்கள் வேண்டும். துவாரம் பென்சில் நுழையாத அளவில் இருக்க வேண்டும். தலை நுழையும் இடத்தில் பாம்பின் உடம்பு பூராவும் நுழைந்துவிடும். வளர்ந்த பாம்பு மூன்றடியிலிருந்து ஐந்தடி வரை போகும். அப்போது அது நீட்டிப் படுக்கும்படியான நாலடிப் பெட்டி தேவைப்படும். ஒரு பெட்டியில் ஒரு பாம்புதான். துணைக்கு இன்னொன்றை வைப்பது தயவல்ல, தொந்தரவு.

அடுத்து சூடு. பல்பைக் கழற்றி எறிந்தார்கள். பிராணிகளுக்கென்றே விற்கும், மெல்லிய ரப்பர்த் தாள் போன்ற 'ஹீட் மேட்' ஒன்று வாங்கினார்கள். அதைப் பெட்டிக்கு வெளியே, அடிப்பக்கத்தில், மூன்றில் ஒரு பங்கு இடத்துக்கு மட்டும் வைக்க வேண்டும். முழுதும் வைத்துவிட்டால் பாம்புக்கு ஒதுங்க இடமில்லாமல் போய்விடும். பெட்டியின் நாலு மூலையிலும் சிறு கட்டை கொடுத்துத் தூக்கி வைப்பது அவசியம். அடியில் சூடு அடைபட்டால் மேட் கெடும், நெருப்பு அபாயமும் உண்டு. சூடாகும் கல் என்று ஒன்று கடையில் விற்கிறார்கள். அதை வாங்காதீர்கள். சுடுகிறது என்று தெரிந்து விலகும் புத்தி பாம்பின் வயிற்றுத் தோலுக்குச் சரியாகக் கிடையாது. வெந்து புண்ணாகும் வரை அது அங்கேயே கிடக்கும்.

மூன்றாவது, எல்லாவற்றையும்விட முக்கியமானது, தெர்மோஸ்டாட். இஸ்திரிப் பெட்டியில் சூடு ஏறினால் தானாக அணைகிறதே, அதே தத்துவம். மேட்டுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இதைப் பொருத்தி, இதன் உணர்கம்பியைப் பெட்டிக்குள் மேட்டுக்கு நேர் மேலே தரையில் நகராதபடி நிறுத்த வேண்டும். 30 டிகிரி என்று வைத்தார்கள். சூட்டுப் பக்கம் 28-லிருந்து 31 வரையில் இருக்கலாம். குளிர்ப் பக்கம் 22-லிருந்து 24 வரை. இரவில் எந்தப் பக்கமும் 20-க்குக் கீழே போகாமலிருந்தால் நல்லது. தெர்மோஸ்டாட் இல்லாத மேட், கடிவாளம் இல்லாத குதிரை. அதை நம்பி ஷிப்டுக்குப் போக முடியாது.

"அதுவும் பொய் சொல்லும். தனியா ரெண்டு தெர்மாமீட்டர் வை, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு" என்றார் பாட்டி. நூற்றுக்கு நூறு வாஸ்தவம். கண்ணாடியில் ஒட்டும் பட்டை காற்றின் சூட்டைத்தான் காட்டும். பாம்பு படுப்பதோ தரையில். தரையில் வைக்கும் டிஜிட்டல் கருவிதான் உண்மை பேசும்.

ஓசூருக்கென்று ஒரு விசேஷ ஏற்பாடும் செய்தார்கள். மேட் தரையைத்தான் சூடாக்கும், காற்றை அல்ல. அறையே 15 டிகிரியில் இருந்தால் மேட் பாவம் என்ன செய்யும்? ஆகவே பெட்டியை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து, உள்ளறைச் சுவரோரம் மேஜைமேல் வைத்து, மூன்று பக்கமும் தெர்மோகோல் அட்டை கொடுத்தார்கள். குளிர்ப் பக்கம் 18-லிருந்து 22-க்கு ஏறியது. மேட்டுக்குச் செலவாகும் மின்சாரம் ஒரு பழைய குண்டு பல்பைவிடக் குறைவு. வீட்டு இன்வெர்ட்டரே இரவு முழுவதும் தாங்கியது.

இனி மறைவிடம். இதில்தான் எனக்கு ஆச்சரியம். கடையில் நூற்றுக்கணக்கில் விலை சொல்லும் குகை பொம்மைகளை வாங்கப் போனவனைப் பாட்டி தடுத்து, இரண்டு கொட்டாங்கச்சிகளை எடுத்து வந்தார். ஓரத்தைத் தேய்த்து வழவழப்பாக்கி, ஒரு சிறு வாசல் வெட்டிக் கவிழ்த்து, சூட்டுப் பக்கம் ஒன்று, குளிர்ப் பக்கம் ஒன்று வைத்தார். இரண்டு பக்கமும் மறைவு இருந்தால்தான் பாம்பு பயமின்றித் தனக்கு வேண்டிய சூட்டைத் தேடிப் போகும். ஒரு பக்கம் மட்டும் இருந்தால், குளிரில் விறைத்தாலும் மறைவை விட்டு வராது.

ஈரம் நூற்றுக்கு 40-லிருந்து 60 வரை போதும். தோல் உரிக்கும் காலத்தில் கண் பால் நிறமாக மங்கும். அப்போது மூடியிட்ட ஒரு சிறு டப்பாவில் வாசல் வெட்டி, நனைத்துப் பிழிந்த தேங்காய் நார்த்தூளைப் போட்டு வைத்தால், சட்டை ஒரே துண்டாக உரியும். தரைக்கு அச்சடிக்காத வெறுந்தாள் போட்டார்கள். குட்டிக்கு அதுதான் சுத்தம். கக்கினாலும் கழிந்தாலும் உடனே தெரியும். தேவதாரு, பைன் மரத்தூள் ஆகாது. அதிலுள்ள எண்ணெய் வாசனை அதன் சுவாசத்துக்குக் கெடுதல். தண்ணீர்க் கிண்ணம் கவிழாததாக இருக்க வேண்டும், தினம் மாற்ற வேண்டும்.

இரண்டு வாரம் கழித்து வழக்கத்தில் பாதி அளவுள்ள இரை ஒன்று, வெந்நீரில் உருக வைத்துக் கொடுக்கப்பட்டது. (எலிக்குஞ்சு எங்கே வைப்பது என்ற பெரும் போர் தனி. தங்கை தன் குளிர்ப்பெட்டியைத் தர மறுத்துவிட்டாள். பையன் தன் சம்பளத்தில் சின்னதாக ஒன்று வாங்கினான். அவள் செய்ததே சரி. சமையலறைக்கும் பாம்புக்கும் சம்பந்தமே கூடாது. ஊர்வனவற்றின் உடம்பில் ஸால்மொனெல்லா என்ற கிருமி இருக்கக்கூடும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தொடாதிருப்பது நலம்.) விழுங்கியது. இரண்டு நாள் ஒருவரும் பெட்டியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலையில் எனக்குத் தொலைபேசி. பேசியது தங்கை அல்ல, அந்தப் பையன்! "பெரியம்மா, உள்ளேயே இருக்கிறது! கக்கவில்லை! பாட்டிதான் முதலில் பார்த்தார்கள்" என்றான். இரண்டு வருஷத்தில் அவன் என்னோடு தானாகப் பேசியது அதுவே முதல் தடவை.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் பக்கத்துச் சகோதரிகள் என்னைக் கேட்கலாம்: "எங்களுக்குக் குளிர் எங்கே? வெயில்தானே!" என்று. ஆம், மலை இறங்கி அங்கே வந்தால் கதை தலைகீழ். ஓசூருக்குக் குளிர் எதிரி, உங்களுக்குச் சித்திரை வெயில் எதிரி. மாம்பழம் பழுக்கிற வெயிலில் பாம்பு வெந்துவிடும். அறையே 30 டிகிரியைத் தாண்டினால் மேட் அணைந்திருக்க வேண்டும். தெர்மோஸ்டாட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும். 33, 34-க்கு மேல் போனால் ஆபத்து. தகரக் கூரை அறையிலோ, பால்கனியிலோ பெட்டியை வைக்காதீர்கள். தரைத்தளத்தில், வீட்டின் நடு அறையில் வைத்து, உறைந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் வெளிப்பக்கம் ஒட்டி வைக்கலாம்.

இவ்வளவும் சொன்னேனே, ஆகவே எல்லாரும் ஒரு பாம்பு வாங்குங்கள் என்று சொல்கிறேனா? இல்லவே இல்லை. இதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும்.

நாகம், சாரை, மலைப்பாம்பு, விரியன் முதலிய நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வீட்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு உயிர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. 2022-இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. உலக ஒப்பந்தப் பட்டியலிலுள்ள வெளிநாட்டு இனங்களை வைத்திருப்போர் பதிவு செய்ய 2024-இல் விதிகளும் வந்துவிட்டன. எந்த இனத்துக்கு எந்தக் காகிதம் என்பதை வாங்குமுன் வன இலாகாவில் கேட்பதே புத்திசாலித்தனம். தங்கை முதலில் செய்த காரியம், பையனைச் சிநேகிதன் கொடுத்த காகிதங்களோடு அங்கே அனுப்பி, எழுத்து மூலம் தெரிவிக்கச் செய்ததுதான்.

ஏன் இந்த ஜாக்கிரதை? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில் யாரும் உரிமை கோராத இரண்டு பெட்டிகளைச் சுங்க அதிகாரிகள் திறந்தார்கள். உள்ளே 45 பந்து மலைப்பாம்புகள், மூன்று சிறு குரங்குகள், மூன்று நட்சத்திர ஆமைகள், எட்டுச் சோளப்பாம்புகள்! எல்லாவற்றையும் வந்த வழியே பாங்காக்குக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெங்களூர் விமான நிலையத்திலும் பாங்காக்கிலிருந்து வந்த பெட்டியில் 72 பாம்புகள் அகப்பட்டன. கூட இருந்த குரங்குகள் உயிரோடு வந்து சேரவில்லை. மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குகிற நாமும் அந்தப் பெட்டிக்கு ஒரு பக்கம் கை கொடுத்தவர்கள் ஆகிறோம்.

இன்னொன்று. சோளப்பாம்பு நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15, 20 வருஷம் இருக்கும். பையனுக்குக் கல்யாணமாகும், மாற்றலாகும். அப்போது? "ஏரிக்கரையில் விட்டுவிடலாம்" என்று மட்டும் நினைக்கக் கூடாது. இதற்கு ஒரு கதை உண்டு. ஃபுளோரிடா மாநிலத்தில் வளர்க்க வாங்கிய பர்மிய மலைப்பாம்புகள், சில தப்பியும் சில கைவிடப்பட்டும், சதுப்பு நிலக் காட்டில் பெருகிவிட்டன. அங்கிருந்த முயலையும் பறவையையும் விழுங்கித் தீர்த்தன. அவற்றைத் தேடிப் பிடிக்க 2017-இல் யாரை அழைத்தார்கள் தெரியுமா? நம் செங்கற்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும்! 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் தொழில் செய்தவர்கள். நாய்க்கும் கருவிக்கும் தட்டுப்படாத பாம்பை மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தே கண்டுபிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அந்த ஃபுளோரிடாதான் நம் சோளப்பாம்புக்கும் பிறந்தகம். அங்கே ஒருவர் செய்த அலட்சியத்தைத் துடைக்க இங்கிருந்து ஆள் போக வேண்டியிருந்தது. இங்கே நாம் செய்தால் யார் வருவார்கள்?

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. வீட்டில் பெட்டிக்கு வெளியே எந்தப் பாம்பைக் கண்டாலும், "நம்முடையதுதான்" என்று கையை நீட்டாதீர்கள். விரியன் குட்டிக்கும் முதுகில் திட்டுகள்தான். கடிபட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். ஆடாமல் அசையாமல் உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பங்குனியில் மறுபடி ஓசூர் போயிருந்தேன். பாட்டியின் படுக்கை உள்ளறைக்கே வந்துவிட்டது, பெட்டிக்கு நாலடி தூரத்தில். "குளிருக்கு இங்கதான் அடக்கமா இருக்கு" என்று காரணம் சொன்னார். வெயில் காய்கிற பங்குனியில் ஏது குளிர் என்று நான் கேட்கவில்லை. சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. தேதிக்குத் தேதி இரண்டு எண்கள், காலை ஒன்று, இரவு ஒன்று. காலைக் கையெழுத்துப் பேரனுடையது. இரவு ஷிப்டு வாரங்களில் நடுங்கிய பெரிய எழுத்துப் பாட்டியுடையது.

தங்கை எனக்குக் காபி கொடுத்துக்கொண்டே, "பெண் பார்க்கப் போனால் பாம்பு இருப்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டுமா அக்கா?" என்று கேட்டாள். "கட்டாயம் சொல்ல வேண்டும்" என்றேன்.

உள்ளேயிருந்து பையனின் குரல் கேட்டது: "பாட்டி, இருபத்து ஒன்பதரை!"

"எழுது, எழுது" என்றார் பாட்டி.